ஒன்பதுக்கு எட்டு

பல் டாக்டர் ஊசியைப் போட்டு, மரத்துப் போகட்டும் என்று என்னை வெளியே உட்கார வைத்திருந்தபோதுதான் குண்டன் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். பயிற்சிப் பள்ளியில் நாங்கள் வைத்த பெயர் அது. இப்போது ஆள் கழுத்தெலும்பு தெரிய மெலிந்துவிட்டான், பெயர்தான் இன்னும் இளைக்கவில்லை. இருவரும் ஒரே நாளில் படையில் சேர்ந்தோம். நான் கர்னலாக ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. அவன் என்னைவிட இரண்டு படி மேலே ஏறி, போன வாரம்தான் சீருடையைக் கழற்றினான்.

என் வீங்கிய கன்னத்தைப் பார்த்து இரண்டு கிண்டல் அடித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "உன் நெட்டைக்குக் கிடைக்கல. கேள்விப்பட்டியா?" என்றான்.

தலையாட்டினேன். நெட்டையே போன் செய்து சொல்லியிருந்தான். நான் பாலம் போடும் படைப்பிரிவுக்குத் தலைவனாக இருந்தபோது அவன் என் கீழே மேஜர். இப்போது லெப்டினன்ட் கர்னல். கர்னல் ஆனால்தான் ஒரு பிரிவை நடத்தலாம். அந்த உயர்வுக்கான தேர்வுக் குழுவின் முன் ஓர் அதிகாரியின் பெயர் மூன்று முறைதான் போகும். மூன்றிலும் வராவிட்டால் அதற்கப்புறம் போகவே போகாது. இருக்கிற பதவிக்கு உரிய வயது வந்ததும் வீட்டைப் பார்க்கப் போக வேண்டியதுதான். நெட்டைக்கு மூன்றும் முடிந்தது. மாதக் கடைசியில் ஐம்பத்திரண்டும் முடிகிறது. எங்கள் பழைய பிரிவை ஒரு வருடமாவது தான் நடத்த வேண்டும் என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் அவன். வேறு எதற்கும் அவன் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

"கடைசிக் குழுவுல நானும் உக்காந்திருந்தேன்டா," என்றான் குண்டன். "சொல்லக் கூடாது. இத்தனை நாள் சொல்லல. பேரை எல்லாம் மறைச்சுதான் குடுப்பாங்க. யாரைப் பத்தி, யார் எழுதினதுன்னு எதுவும் இருக்காது. மார்க்கும் குறிப்பும்தான். ஆனா உன் எழுத்து நடை எனக்குத் தெரியாதா? ரெண்டு வரி படிச்சதும் எழுதினது நீ, ஆளு நெட்டைன்னு தெரிஞ்சுபோச்சு."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு அசையவில்லை.

"நாலு இடம், இருபத்திரெண்டு பேரு. எல்லாருக்கும் எல்லா வருஷமும் ஒம்பதுக்கு ஒம்பது. இவனுக்கும் அப்படித்தான். நடுவுல மூணு வருஷம் மட்டும் எட்டு, எட்டு, எட்டு. குறிப்பைப் படிச்சா கண்ணுல தண்ணி வருது, மார்க்கு எட்டு நிக்குது. எதிர்ல இருந்தவர் என்ன சொன்னார் தெரியுமா? இப்படிப் புகழ்ந்துட்டு எட்டு போட்டிருக்கான்னா, எழுதினவன் எதையோ மறைக்கறான்னார். அதோட கோப்பை மூடிட்டாங்க."

உள்ளே கூப்பிட்டார்கள். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்களாம். எனக்குத் தெரியவே இல்லை.

நான் யாருக்கும் ஒன்பது போட்டதில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு. ஒன்பது என்றால் இனிமேல் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லாதவன் என்று அர்த்தம், அப்படி ஒருவனை இன்னும் நான் பார்க்கவில்லை என்று விருந்துகளில் கையில் கோப்பையோடு சொல்லியிருக்கிறேன். மற்ற தளபதிகள் பொரி இறைப்பது போல ஒன்பது இறைக்கிறார்கள் என்பதும் தெரியும். என் எட்டு அவர்களுடைய ஒன்பதுக்குச் சமம் என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரியாதா என்ன, என்று இருந்தேன். பெயரை மறைத்துத்தான் கொடுப்பார்கள் என்பது விதிப் புத்தகத்தில் இருக்கிறது. நான் நூறு முறை படித்த புத்தகம். அந்த வரி என் மண்டையில் ஏறவில்லை.

ஆற்றில் பாலம் போடும் பயிற்சியில் படகு கவிழ்ந்த வருடம் நெட்டை இரண்டு பேரை முடியைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தான். மூன்றாவது ஆளைத் தேடி மறுபடியும் குதித்தான். அன்று இரவு அவன் பல் கிட்டித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அந்த வருடக் குறிப்பை மூன்று முறை அடித்துத் திருத்தி எழுதினேன். என் வாழ்நாளில் ஒரு மனிதனைப் பற்றி அவ்வளவு நன்றாக எழுதியதில்லை. தட்டச்சு செய்துகொண்டு வந்த ஹெட் கிளார்க், தாளை மேஜையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். "சார், எட்டுன்னு இருக்கு. சரிதானா?" என்று கேட்டார். "எனக்கு எண்ணத் தெரியும்யா, போய் வேலையப் பாரு," என்றேன். பாவம், அந்த மனுஷன் முப்பது வருடக் கோப்பைப் பார்த்தவர். அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு சின்ன எண் அது, ஒரு கோடு இழுத்தால் மாறியிருக்கும்.

எனக்கு மேலே இருந்தவர்கள் எனக்கு ஒன்பது ஒன்பதாகப் போட்டார்கள். அப்படித்தான் நான் கர்னல் ஆனேன். அது தகுதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் மனைவி கஞ்சியைக் கரைத்துக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். "உங்களுக்கு வாயத் தொறந்து எதையும் நல்லா இருக்குன்னு சொல்லவே வராது," என்றாள். "முப்பது வருஷமா என் சமையலுக்கு 'பரவால்ல'தான். அது உங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம்னு எனக்குத் தெரியும். நான் கூடவே இருக்கேன். அந்தக் குழுவுக்கு எப்படித் தெரியும்?" எழுந்து பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள். "போய் அந்தப் பிள்ளகிட்ட சொல்லுங்க."

சொல்வதில் ஒரு காரியமும் இருந்தது. மதிப்பெண் அநியாயம் என்று அதை வாங்கிய அதிகாரியே மனுப் போடலாம், ஓய்வு நாளுக்குள். இன்னும் ஒன்பது நாள். நான் எப்படி மார்க் போடுவேன், என் எட்டுக்கு என்ன பொருள், அதைக் குறையாக எடுத்துக்கொண்டது தவறு என்றெல்லாம் இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது.

நெட்டையின் குடியிருப்பில் பாதிச் சாமான் பெட்டிக்குள் போயிருந்தது. படங்கள் இருந்த இடத்தில் சுவர் வெள்ளையாகத் தெரிந்தது. அவன் மனைவி, "வாங்கண்ணா, உக்கார இடமே இல்ல பாருங்க," என்று ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நெட்டை எதிரில் இரும்புப் பெட்டியின்மேல் உட்கார்ந்தான். முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. "நானே வரணும்னு இருந்தேன் சார். கடைசி நாள் உங்கள வந்து பாத்துட்டுத்தான்..." என்றான். "கிடைக்கலன்னா என்ன சார். உங்ககிட்ட வேலை பாத்த அந்த மூணு வருஷம் போதும்."

பிடுங்கின இடம் விண்விண் என்று தெறித்தது. சொன்னேன். எட்டு, மூன்று வருடம், குழுவில் சொன்னது, கிளார்க் கேட்டது, எதையும் விடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேதான் சொன்னேன்.

அவன் மனைவி தேநீரோடு வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து என் பக்கத்தில் இருந்த பெட்டியின்மேல் கோப்பையை வைத்தாள். "எடுத்துக்குங்க சார்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இருபது வருடத்தில் அவள் என்னை சார் என்று சொன்னதில்லை.

நெட்டை என் கடிதத்தை இரண்டு முறை படித்தான். கோபம் வரும், அழுவான், எழுந்து போகச் சொல்வான் என்று நான் எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் வந்திருந்தேன். அவன் முகம் மெல்ல வெளிறியது. அது என்னைப் பார்த்து வந்ததாகவும் தெரியவில்லை. அவன் கண் சுவரில் எங்கேயோ இருந்தது.

"எட்டு போட்டா அவ்வளவுதானா சார்?"

"அவ்வளவுதான்."

"நானும் எட்டுதான் சார் போட்டேன்."

எனக்குப் புரியவில்லை.

"என் பசங்களுக்கு. நான் மதிப்பீடு எழுத ஆரம்பிச்சதுலேருந்து. நீங்க போடற மாதிரியே. ஒம்பதுன்னா கத்துக்க ஒண்ணுமில்லாதவன்னு நீங்க சொல்லுவீங்களே. அதையே அவங்ககிட்டயும் சொல்லிருக்கேன்." விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தான். ஒரு கை முடிந்து மறு கை முடிந்து, மறுபடி ஒரு விரல் மடங்கியது. "பதினொரு பேரு சார்."

"அதை விடுடா. மொதல்ல உன் மனுவ எழுது. ஒம்பது நாள்தான் இருக்கு."

"என் மனு நிக்காது சார். ஓய்வு பெற்றவங்க கடிதத்த சேத்துக்கலாம், ஆனா ஏத்துக்கணும்னு கட்டாயம் இல்ல. விதி அப்படி." இதை அவன் எனக்கு வலிக்கக் கூடாது என்று மெதுவாகத்தான் சொன்னான். எனக்கு அந்த விதி தெரியும். தெரிந்தும் எழுதிக்கொண்டு வந்திருந்தேன். "பதவியில இருக்கறவன் எழுதினா ஏத்துக்கணும். நான் இன்னும் ஒம்பது நாள் இருக்கேன்ல சார்."

கடிதத்தை முழங்கால்மேல் வைத்து நீவினான். "வார்த்தையெல்லாம் நல்லா வந்திருக்கு சார். இத வெச்சே நானும் எழுதிக்கறேன்."

"அவங்களே மனுப் போட்டாத்தான் எதுவும் நடக்கும்," என்றேன். "நீ ஒவ்வொருத்தன்கிட்டயும் சொல்லணும்."

"ஆமா சார்."

போனை எடுத்து ஒரு பெயரைத் தேடினான். "இவனுக்கு அடுத்த மாசம் மூணாவது தடவை," என்றான் யாரிடமோ சொல்வது போல. பொத்தானை அழுத்திவிட்டு இரும்புப் பெட்டியிலிருந்து எழுந்தான். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டான். குதிகால்கள் சேர்ந்தன. காலி அறையில் மறுமுனை மணி அடிப்பது எனக்கும் கேட்டது. தன்னைவிடப் பத்து வயது இளையவன் போனை எடுப்பதற்காக நெட்டை சுவரைப் பார்த்து நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தான்.