கனம் பார்த்து வாங்கிய காய்

எறும்புக்கு மூட்டைதான் தெரியும், காய் தெரியாது. இருபது வருடமாகக் காய்கறி மார்க்கெட்டில் லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறான். தன் எடையைப் போல் ஒன்றரை மடங்கு தூக்குவதால் ஒட்டிய பெயர் அது. பெண்டாட்டிக்கே அவனுடைய சொந்தப் பெயர் சட்டென்று வாயில் வராது. காய் வாங்குவதும் வதக்குவதும் அவள் பாடு.

அவள் பன்னிரண்டு நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள். காய்ச்சல் இறங்கிவிட்டது, நாக்கில் ருசி மட்டும் திரும்பவில்லை. கஞ்சி மண்ணு, ரொட்டி அட்டை என்று தள்ளினாள். தையல் மிஷின் மிதித்து உரமேறிய கால் குச்சியாகிவிட்டது. "சாப்பிடலைன்னா மறுபடி படுக்கைதான்" என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். அன்று காலையில் அவளாகவே, "நாலு காயை வதக்கிக் குடுத்தா ஒரு வாய் தின்னு பாக்கறேன்" என்றாள். எறும்பு சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஓடினான்.

காய்க்கார அக்காவின் கடையில் குண்டு குண்டான கேரட்டாகப் பொறுக்கினான். பீன்ஸில் விரல் தடிமன் உள்ளதாக அள்ளினான். முட்டைக்கோஸைத் தோளில் வைத்துக் கண்ணை மூடினான்.

"என்ன எறும்பு, கோஸ் ஏதாவது ரகசியம் சொல்லுதா?"

"கனமா இருந்தாத்தான்க்கா சரக்கு. மூட்டை லேசா இருந்தா உள்ள பாதி அழுகல்."

அக்கா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். "சரி, கொண்டு போ. மிச்சத்த வீட்ல சொல்லுவாங்க."

சொன்னார்கள். படுத்தபடியே பையில் கைவிட்டவள் ஒரு பீன்ஸை ஒடித்துப் பார்த்தாள். அது ஒடியாமல் வளைந்தது.

"யோவ், இது பீன்ஸா, மூட்டை கட்டற கயிறா?"

"நல்லா கனமா இருந்துச்சே!"

"விதை முத்தினா கனக்காம என்ன செய்யும்? இந்தக் கேரட்ட உளி வச்சுத்தான் பிளக்கணும். இருபது வருஷமா இதைத்தானே சுமக்கறே?"

"கழுதை கூடத்தான் கற்பூரம் சுமக்குது."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து, இருமி, மறுபடியும் சிரித்தாள். பன்னிரண்டு நாளில் முதல் சிரிப்பு. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து அடுப்படி முக்காலியில் உட்கார்ந்தாள். "உன்ன நம்பினா கயிறு வதக்கல்தான் கிடைக்கும். தள்ளு."

பீன்ஸை ஒவ்வொன்றாக ஒடித்தாள். டக்கென்று ஒடிந்தது வட்டிலுக்கு, வளைந்தது குப்பைக்கு. தேறியது ஒரு கைப்பிடி. கேரட்டின் நடுத்தண்டைச் செதுக்கி எறிந்தாள். கோஸைத் தூக்கிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

"இது மட்டும் கில்லாடி. கோஸ் கனமாத்தான் இருக்கணும்."

"பாத்தியா! தோள் பொய் சொல்லாது."

"மூணுல ஒண்ணு. ரொம்பப் பீத்திக்காதே."

அவள் சொல்லச் சொல்ல அவன் செய்தான். எண்ணெய் காய்ந்ததும் பூண்டு, பிறகு கேரட், பீன்ஸ், கடைசியில் கோஸ். "மூடாதே, கூழாயிடும். கிளறு. சாந்து கலக்கற மாதிரி இல்லய்யா, மெல்ல!"

ஒரு வாய் எடுத்து மென்றாள். எறும்பு கரண்டியோடு நின்று அவள் வாயையே பார்த்தான். அவள் முகத்தைச் சுளித்தாள். போச்சு, மண்ணு என்று சொல்லப்போகிறாள்.

"உப்பே இல்லையேய்யா!"

"என்ன சொன்னே?"

"உப்பு போட மறந்துட்டே. சப்புன்னு இருக்கு. பூண்டு மட்டும் நல்லா ஏறியிருக்கு."

"இன்னொரு தடவ சொல்லு."

"காது கேக்கலையா? உப்பு இல்லை!"

எறும்பு குதித்த குதியில் தலை அலமாரியில் இடித்து, ஒரு டம்ளர் உருண்டது.

"ஆடினது போதும், உப்பு டப்பாவ எடு" என்றவள், அது வரும்வரை காத்திராமல் அடுத்த வாயை அள்ளிக்கொண்டாள்.