கமலவேணியின் பிற்பாதி

வாள்சண்டையில் கால் முறிந்தவர்கள் உலகத்தில் பலர் இருக்கலாம். எதிரியே இல்லாத வாள்சண்டையில் முறித்துக்கொண்டவன் நான் ஒருவன்தான். ஹட்டன் டவுனில் பார்த்த படத்தை எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வரிசைவீட்டு ஆட்களுக்கு நடித்துக் காட்டப் போய், தேயிலைக் குச்சியைச் சுழற்றிய வேகத்தில் வாசலில் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தேன். தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா சிம்பு வைத்துக் கட்டி, ஒரு மாதம் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்றார்.

ஆகவே அந்த மாதம் ஞாயிறுதோறும் என் மனைவி பூரணி படத்துக்குப் போனாள். எனக்குப் படிக்கப் புத்தகம் கொண்டுவந்தாள். இரண்டிலும் ஒரு குறை இருந்தது. எங்கள் தோட்டத்துக்கான கடைசி பஸ், படம் முடியுமுன்பே புறப்பட்டுவிடும். வில்லன் கத்தியை ஓங்கும் நேரத்தில் எங்கள் ஆட்கள் குடையைத் தேடிக்கொண்டிருப்பார்கள். தோட்டத்தில் எவரும் எந்தப் படத்தின் முடிவையும் கண்டதில்லை.

புத்தகங்கள் ஹட்டனில் பலசரக்குக் கடை வைத்திருந்த நஜீம் நானா கொடுத்தவை. பழைய நாவல்களை வாங்கி, முன்பக்கத்திலிருந்து கிழித்துக் கிழித்து மிளகாய்த்தூள் மடிப்பார். பின்பக்கத்தில் கைவைக்கமாட்டார். படிக்கிறவனை முடிவு தெரியாமல் தவிக்க விடுவது பாவம் என்பார்.

இப்படியாக அவள் முடிவில்லாத படங்களோடு வந்தாள், நான் தொடக்கமில்லாத நாவல்களோடு கிடந்தேன். பொருத்தமான ஜோடி. ஒரு நாவலில் எல்லோரும் யாரோ ஒருவர் செத்ததற்காக அழுதுகொண்டே இருந்தார்கள். செத்தது யாரென்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஆனாலும் ஒரு மரியாதைக்கு நானும் அழுதேன்.

பூரணியிடம் படக்கதை கேட்க முதலில் வருகிறவள் பக்கத்துக் காம்பராவில் இருந்த நாகலெட்சுமி. அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள். முன்னே பிறந்த இரண்டும் தங்கவில்லை. இந்தப் பெண்குழந்தைக்கு முப்பதாம் நாள் தொட்டில் போட்டுப் பேர் வைக்க வேண்டும்.

அந்த நேரத்தில் வந்து சேர்ந்தாள் கமலவேணி. பூரணி பார்த்துவந்த படத்தின் கதாநாயகி. மாமியார் கொடுமை, பொய்ப்பழி எல்லாவற்றையும் தாங்கி நிமிர்ந்து நிற்கிறாளாம். மகளுக்கு அந்தப் பேர்தான் என்று நாகலெட்சுமி சொல்லிவிட்டாள். ஆனால் பூரணி பஸ்ஸுக்கு எழுந்தபோது, கொட்டும் மழையில் கமலவேணி ஆற்றுப் பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்தாள். குதித்தாளா இல்லையா? லயம் முழுக்க விசாரித்தாயிற்று. எல்லோரும் பாலம் வரைக்கும்தான் பார்த்திருந்தார்கள்.

தொட்டில் போடுவதற்கு முதல் நாள் நாகலெட்சுமி என்னிடமே வந்துவிட்டாள்.

"செத்துப்போனவ பேர எம்புள்ளைக்கு வைக்க மாட்டேண்ணே. ரெண்டக் குடுத்துட்டு நிக்கிறேன். நீங்கதான் படிக்கிற ஆளாச்சே, சொல்லுங்க."

அன்று என் கையிலிருந்த நாவல், ஒரு பெண் ஈரச்சேலையோடு யார் வீட்டுக் கதவையோ தட்டுவதில் தொடங்கியது. அவள் எங்கிருந்து வந்தாள் என்ற பக்கங்களில் யாரோ மிளகாய்த்தூள் வாங்கிப் போயிருந்தார்கள். ஏன், அந்தப் பாலத்திலிருந்து வந்திருக்கக்கூடாதா?

"இந்தக் கதையத்தான், தங்கச்சி, படமா எடுத்திருக்கான்," என்றேன். "அவ குதிக்கல. நனஞ்சிக்கிட்டே நடந்துபோயி ஒரு டீச்சரம்மா வீட்டுக் கதவத் தட்டுறா."

அப்புறம் நிறுத்த முடியவில்லை. நாவலில் இருந்தபடியே அவள் தையல் படித்தது, சொந்த வீடு கட்டியது, மாமியார் வந்து மன்னிப்புக் கேட்டது, பசு கன்று போட்டது வரைக்கும் சொன்னேன். பூரணி அடுப்படியிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மறுநாள் குழந்தையின் காதில் கமலவேணி என்று மூன்று முறை சொன்னார்கள். அந்தச் சமயம் பார்த்து என் காலை விசாரிக்கக் கற்கண்டோடு வந்தார் நஜீம் நானா. எங்கள் இரண்டு காம்பராவுக்கும் வாசல் ஒன்றுதான்; அங்கே நின்றால் தொட்டிலும் தெரியும், என் கட்டிலும் தெரியும். அவர் கடைக்கு எதிரேதான் தியேட்டர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லாப் படத்தையும் முடிவுவரை பார்க்கிற மனிதர்.

பேரைக் கேட்டதும், "அந்தப் படத்துப் பேரா? ஐயோ, அந்தப் புள்ள கடைசியில..." என்று தொடங்கினார்.

தொட்டிலை ஆட்டிய கை நின்றது. நான் காலைப் பிடித்துக்கொண்டு அலறினேன். நல்ல காலை. நானா என் காலைப் பார்த்தார், மடியிலிருந்த நாவலைப் பார்த்தார், நாகலெட்சுமியின் முகத்தைப் பார்த்தார்.

"கடைசியில என்னங்க நானா?" என்றாள் அவள்.

நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அந்த நாவலின் பிற்பாதியை அவரும் படித்திருந்தார்.

"கடைசியில நல்லா ஈக்கிறா, மகள். சொந்த வூடு. மாடு, கண்டு எல்லாம் ஈக்கிது."

தொட்டில் மறுபடி ஆடியது. நானா என் பக்கத்தில் வந்து குனிந்து, "குதிச்சிட்டா," என்று காதில் சொன்னார். பூரணி, அலறுவதானால் இனிமேல் சிம்பு வைத்த காலைப் பிடித்துக்கொண்டு அலறும்படி கேட்டுக்கொண்டாள்.

புறப்படும்போது நாவலை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இங்கயே ஈக்கட்டும். நான் இதுல தூள் மடிச்சா அந்தப் புள்ளட வூடு போயிரும்."