மூன்று தாள், மூன்று பிழை

வெள்ளிக்கிழமை அரங்கேற வேண்டிய மெட்டு, செவ்வாய்க்கிழமை காலை சமையலறைத் தொட்டிக்கு அடியிலிருந்து வந்தது. பிளம்பர் முணுமுணுத்துக்கொண்டே குழாயைத் திருகிக்கொண்டிருந்தார்.

அது வயலின்காரர் போட்ட மெட்டு, இன்னும் வெளியே வராதது. சினிமா, ஜாஸ் கிளப், கல்யாணக் கச்சேரி என்று கூப்பிட்ட இடத்திலெல்லாம் வாசித்தவர். நாற்பது பேர் கொண்ட வாத்தியக் குழு அவர் எழுதியதை வாசிக்கப்போவது இதுதான் முதல் தடவை.

சந்தேகம் நேராக மச்சான் மேல் போய் உட்கார்ந்தது. மனைவியின் தம்பி, அதே குழுவில் செல்லோ வாசிப்பவன். பேச்சு கம்மி, சிரிப்பு ஜாஸ்தி. இதற்கு மேல் ஒருவனைச் சந்தேகிக்க என்ன வேண்டும்?

நல்லவேளையாகப் பொறி வைத்திருந்தார். செல்லோ, பியானோ, டிரம்பெட் மூவருக்கு மட்டும் முன்கூட்டியே கொடுத்த தாள்களில் ஆளுக்கொரு சுரத்தை மாற்றி எழுதியிருந்தார். ஒத்திகையில் திருத்திக்கொள்ளலாம். அதற்குள் கசிந்தால், எந்தப் பிழையோடு கசிகிறதோ அந்த ஆள் மாட்டுவான்.

தொட்டிக்குப் பக்கத்தில் குந்தினார். “இப்ப முனகினதை இன்னொரு தடவை பாடுங்க.”

பிளம்பர் பாடினார். மூன்று பிழையில் ஒன்றுகூட இல்லை. ஆனால் கடைசியில் ஒரு குழைவு இருந்தது. தித்திப்பு அதிகம் என்று வயலின்காரர் மனசுக்குள்ளேயே வெட்டி எறிந்த குழைவு. எந்தத் தாளிலும் ஏறாதது.

“உண்மையைச் சொல்லுங்க. செல்லோக்காரன்தானே குடுத்தான்?”

“அப்படி யாரையும் தெரியாது சார். இது அடைப்பு நீக்குற பவுடர் விளம்பரம். நான் தொழிலுக்கு வந்த புதுசுல டிவியில ஓயாம போடுவான். எங்க ஆளுங்களுக்கெல்லாம் மனப்பாடம்.”

அடுப்படியிலிருந்து மனைவி திரும்பாமலே சொன்னாள்: “அதுக்கு மெட்டுப் போட்டதே நீங்கதானே. பெட்டி பெட்டியா பவுடர் குடுத்தாங்க. கல்யாணம் ஆகி ரெண்டு வருஷத்துக்கு வந்துச்சு.”

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“வேணும்னே செய்றீங்கன்னு நினைச்சேன். போன மாசப் பேட்டியில ‘என் வேர்களுக்குத் திரும்புறேன்’னு சொன்னீங்களே.”

அரங்கம் முழுக்கச் சிரிக்கும் சத்தம் அவருக்கு இப்போதே கேட்டது. இரண்டு நாள் அறையைவிட்டு வெளியே வராமல் வேறு மெட்டுப் போட்டார். வியாழக்கிழமை ஒத்திகைக்கு, ஒழுகாத குழாயின் பெயரைச் சொல்லி, பிளம்பரையும் வரவழைத்தார்.

வாசித்து முடித்ததும் பிளம்பர் தலையைச் சாய்த்து வெகுநேரம் யோசித்தார். “இது எதையுமே ஞாபகப்படுத்தல சார்.”

இத்தனை வருஷத்தில் இதைவிடப் பெரிய பாராட்டு அவருக்குக் கிடைத்ததில்லை. நிம்மதியாகத் திரும்பினால், மச்சான் செல்லோவுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தான்.

“என்னடா சிரிப்பு?”

“ஒண்ணுமில்ல அத்தான். நல்லாருக்கு.”

நல்லாருக்காமே. அன்று மாலை அரங்கேற்றத்துக்கான செல்லோ தாளை நகலெடுக்கும்போது வயலின்காரர் ஒரே ஒரு சுரத்தை மட்டும் மாற்றிவைத்தார். ஒத்திகை முடிந்துபோனது, இனித் திருத்த வழியில்லை என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை.