மூன்றாம் அறையில் ஊருக்குப் போனவர்கள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு அறை இல்லை என்று சொன்ன ஒரு போன் காலில் பிறந்தது.

ஒரு வார இதழ் சுற்றுலாச் சிறப்பிதழுக்குக் கதை கேட்டிருந்தது. "வழக்கம்போல ஒரு கொலை இருக்கட்டும் சார். ஆனா இடம் மட்டும் குளுகுளுன்னு இருக்கணும்" என்றார் ஆசிரியர். வீட்டில் எழுத ஓடவில்லை. திடீரென்று கிளம்பி, செட்டிநாட்டு வீடு ஒன்றில் தங்கி எழுதினால் என்ன என்று தோன்றியது. கீழச்சிவல்பட்டியில் விருந்தினருக்கு அறை விடும் ஒரு பெரிய வீட்டின் எண் கிடைத்தது. வெள்ளிக்கிழமை காலை, அடித்தேன்.

ஒரு இளம்பெண் எடுத்தாள்.

"இன்னைக்கும் நாளைக்கும் ரூம் ஆகாது சார். நாங்க ஊர்ல இல்ல."

"இப்ப எங்கே இருக்கீங்க?"

"வீட்டுலதான் சார்."

பின்னால் குக்கர் விசில். அதற்கும் மேலே இன்னொரு பெண்குரல்: "ஊருக்குப் போனவுக எதுக்கு போனை எடுக்குறீக? வைங்க கீழே!"

வைத்துவிட்டாள்.

எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். பெயர்கள், பெட்டி, பூட்டு எல்லாம் இனி நான் போட்டது.

2

முதல் வரிக்கு நடந்த முயற்சிகள்:

கார் நூற்றிருபதில் பறந்தது. பின்சீட்டில் சிவப்புப் பெட்டி. பெட்டிக்குள்—

(நிறுத்தினேன். கார் கிளம்பவில்லை என்பதுதான் கதையே.)

மூணாறின் பனிமூட்டத்தில் ஓர் உருவம் மெல்ல—

(அங்கே யாரும் போய்ச் சேரவில்லை. உருவத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.)

சௌபர்ணிகாவுக்குத் தன் கணவன் ஆதித்தனிடம் மூன்று வாக்கியம் பேச வேண்டியிருந்தது.

இது நிற்கும். இந்த வரியில் ரத்தம் இல்லை, ஆனால் நெருக்கடி இருக்கிறது. அந்த மூன்று வாக்கியங்களையும் உங்களிடம் இப்போதே சொல்லிவிடுகிறேன். தொடர்கதை என்றால் ஒன்பதாவது வாரம் வரை இழுத்திருப்பேன்.

கோயம்புத்தூர் ஓட்டல் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நீங்களும் வருவீர்களா?

இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் அந்த வீட்டில் கிடைக்கவில்லை. வருகிறவர்களெல்லாம் விடுமுறைக்கு வருகிறார்கள். அவர்களுடைய விடுமுறைக்கு வெந்நீர் போடுவது, விசிறி மாற்றுவது, ஆத்தங்குடித் தரையில் சிந்திய பழரசத்தைத் துடைப்பது, இதுதான் இவர்கள் கல்யாண வாழ்க்கை.

"இங்க பாருங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"எனக்கு கோயம்புத்தூர்ல—"

"ஆதி!" என்று முற்றத்திலிருந்து ஒரு சத்தம். "அஞ்சாம் ரூம்புல பச்சைத்தண்ணியா வருதாம்!"

"இந்தா வந்துர்றேன்" என்று போனான். வரும்போது கையில் ஸ்குரூ டிரைவர் இருந்தது. "கோயம்புத்தூர்ல என்ன? கீசர் சல்லிசா கிடைக்குதா?"

(இந்த ஆதித்தனை நாயகனாக வைக்கலாமா என்று எனக்கே சந்தேகம். என் பழைய நாயகர்கள் ஹெலிகாப்டரில் தொங்குவார்கள். இவன் பரணில் தொங்குகிறான். ஆனால் கீசரை விட்டுவிட்டு வா என்று யாரும் இவனிடம் சொன்னதில்லை. ஒரு வாய்ப்புக் கொடுப்போம்.)

3

வியாழன் மதியம் அது நடந்தது.

(பழக்கதோஷம். 'அது' என்றால் வெடிகுண்டு இல்லை. வெள்ளிக்கும் சனிக்கும் எல்லா அறைகளையும் பிடித்திருந்த ஒரு கூட்டம், வரவில்லை என்று தகவல் அனுப்பிவிட்டது.)

சௌபர்ணிகா மடமடவென்று போனைத் திறந்தாள். மூணாறில் தங்குமிடம் தேடினாள். திரை கத்தியது: 'ஒரே ஓர் அறைதான் மீதி! இந்த நிமிடம் பதினான்கு பேர் இதைப் பார்க்கிறார்கள்!'

"அடிச்சுத் தள்ளு, போயிரப் போகுது!" என்று பதறினான் ஆதித்தன்.

"பயப்படாதீக. நெட்டுல நம்ம வீட்டு ரூம்புக்கும் இதே பதினாலு பேரைத்தானே போட்டு வச்சிருக்கோம்."

"அப்ப யாரு பார்க்குறது?"

"நீங்களும் நானுந்தான்."

இருந்தாலும் அவசரமாகத்தான் அழுத்தினாள். பதிவு ஆனது. ரத்து செய்தால் பணம் வராது என்று சின்ன எழுத்தில் ஒரு மிரட்டல். வெள்ளி காலை சொந்தக் காரில் கிளம்ப வேண்டியது. மூணாறு போய், பால்கனியில் நின்று, மூன்று வாக்கியம் பேச வேண்டியது. திட்டம் கச்சிதம்.

இந்த இடத்தில் ஒரு மாமியார் தேவைப்பட்டார்.

4

அகிலாண்டேஸ்வரி. ஆதித்தனின் தாய், அந்த வீட்டின் முதலாளி, சற்று முன் முற்றத்திலிருந்து சத்தம் போட்டவர். இவரை வில்லியாக எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உங்களிடம் மறைக்கவில்லை; இந்த நிமிடம் வரை எனக்கு இவர்மீது நம்பிக்கை இல்லை. எப்போதும் சேலை முந்தானை முனையில் எதையாவது முடிந்துவைத்துக்கொண்டு நடப்பவர். என் தொழிலில் அப்படி நடப்பவர்கள் நல்லது செய்ததில்லை.

"மூணாறு எந்தத் திக்கு?" என்றார்.

"மேக்க, அத்தை."

"நாளைக்கு என்ன கெழமை?"

"வெள்ளி."

"வெள்ளிக்கெழமை மேக்க சூலம். போகக்கூடாது."

"அத்தை, ரூம் போட்டாச்சு. பணம் திரும்பாது."

"நான் போகாதேன்னா சொன்னேன்? வெள்ளிக்கெழமை போகாதேன்னேன். வியாழக்கெழமையே கெளம்பிருங்க. பரஸ்தானம் வச்சுருவோம்."

* பரஸ்தானம்: தெரியாதவர்களுக்காக. நல்ல வேளையில் நம்மால் கிளம்ப முடியாவிட்டால், நம் பெட்டியை மட்டும் அந்த வேளையில் கிளப்பி, போகும் திசையில் உள்ள இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பெட்டி கிளம்பினால் நாமே கிளம்பியதாகக் கணக்கு. மறுநாள் போகிற போக்கில் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாம். சூலம் ஏமாந்துவிடும்.

மேற்குப் பக்கத்து வீடு மீனலோசனி ஆச்சியுடையது. வியாழன் மாலை சிவப்புப் பெட்டி அங்கே போய்ச் சேர்ந்தது. உள்ளே இரண்டு ஸ்வெட்டர், இரண்டு ஆதார் அட்டை. கார் சாவியும் அதற்குள்தான். மறந்துவிடக்கூடாது என்று சாவியைப் பெட்டிக்குள் போட்டவன் ஆதித்தன்.

(பெட்டிக்குள் ஒரு கையெறி குண்டு வைக்கலாமா என்று ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். ஸ்வெட்டர் கிழிந்துவிடும் என்று எடுத்துவிட்டேன்.)

5

வெள்ளி காலை. மீனலோசனி ஆச்சி வீட்டுக் கதவில் பூட்டு!

போன் போட்டார்கள். "சென்னையில மகளுக்கு ஒடம்புக்கு ஆகலைன்னாக, விடியறதுக்குள்ள பஸ் ஏறிட்டேன்" என்றார் ஆச்சி. "பொட்டி பத்தெரமாத்தான் இருக்கு. யாரும் தொடமுடியாது."

"நாங்களும் தொடமுடியலையே ஆச்சி! சாவி யாருகிட்ட இருக்கு?"

கரகரவென்று இரைச்சல். லைன் போய்விட்டது.

வாடகைக்கு வண்டி பிடித்தாலும் அடையாள அட்டை இல்லாமல் மூணாறில் அறை கிடையாது. இருவரும் வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்பினார்கள். அடுப்படியில் சமையல்கார அம்மா மலையம்மாள் இட்லி அவித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு இட்லி வைங்க மலையம்மா" என்றான் ஆதித்தன்.

மலையம்மாள் தட்டை எடுக்கவில்லை. "ஊருக்குப் போனவுகளுக்கு எப்புடி வைக்கிறது? உங்கம்மா உங்களைக் கழிச்சுத்தான் மாவு எடுக்கச் சொன்னாக."

"நான் இங்கதானே நிக்கிறேன்!"

"நிக்கிறீக. ஆனா போயிட்டீகளே."

ஆதித்தன் அம்மாவிடம் ஓடினான். அகிலாண்டேஸ்வரி மல்லிகைச் சரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார்.

"பரஸ்தானம் வச்சா வச்சதுதான். பொட்டி திரும்பி இந்த வாசப்படி ஏறுற வரைக்கும் நீங்க பயணத்துல இருக்கீக. இப்ப வீட்டுல இருக்கீகன்னு ஒத்துக்கிட்டா, பொறப்பட்ட காரியம் பாதியில நின்ன மாதிரி ஆகும். அபசகுனம்."

"அப்ப நாங்க எங்கம்மா போறது?"

"எங்கிட்ட கேட்டா? ஊருக்குப் போன பிள்ளைக எங்குட்டுப் போனாகன்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

என் போன் கால் உள்ளே போன நேரம் இதுதான். மணி அடிக்கவும் பழக்கத்தில் சௌபர்ணிகா எடுத்துவிட்டாள். அடுப்படியிலிருந்து மலையம்மாள் அதட்டியதுதான் உங்களுக்குத் தெரியுமே.

6

இந்த இடத்தில் கதை நின்றுவிட்டது. நாலு நாள் நின்றது. ஆசிரியர் போனில் வந்தார்.

"சார், பொணம் எங்கே?"

"பெட்டி ஒன்று இருக்கிறது. பூட்டிய வீட்டுக்குள்."

"அதுக்குள்ளே பொணமா?"

"ஸ்வெட்டர்."

அதைச் சொன்னபோதுதான் எனக்குப் பளிச்சென்றது. அந்த வீட்டில் அன்றைக்கு எல்லா அறையும் காலியாக அல்லவா இருக்கிறது! இதை எனக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டாள் சௌபர்ணிகா. (நாலு நாளாக அவள் எனக்காகக் காத்திருந்தாள் என்று நினைக்கிறேன்.)

அவள் ஆதித்தனின் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனாள். தெரு முனை வரை நடந்தார்கள். திரும்பி வந்து வாசல் மணியை அடித்தார்கள்.

அகிலாண்டேஸ்வரி வந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"வாங்க வாங்க. எந்த ஊருலேருந்து வாரீக?"

ஆதித்தன் விழித்தான். சௌபர்ணிகா விழிக்கவில்லை. "மூணாறுக்குப் போக இருந்தோம். வழியில தங்கிட்டோம். ரெண்டு நாளைக்கு ரூம் வேணும்."

"முன்னாடியே சொல்லாம வந்தா எப்புடி? ரூம்புக்கு ரொம்ப அடிபுடி. இப்பக்கூட பதினாலு பேரு பாத்துக்கிட்டு இருக்காக." பின்னால் மலையம்மாள் மட்டும் ஈரக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தார். "ஆதாரு இருக்கா?"

"பொட்டியில இருக்கு. பொட்டி முன்னாடியே போயிருச்சு."

அகிலாண்டேஸ்வரி தன் மகனை மேலும் கீழும் பார்த்தார். மருமகளையும் பார்த்தார், கொஞ்சம் கூடுதல் நேரம்.

"பார்த்தா குடும்பப் பிள்ளைக மாதிரித்தான் தெரியிறீக. மூணாம் ரூம்பு. மத்தியானச் சாப்பாடு ரூம்புக்கே வந்துரும். மலையம்மா, விருந்தாளி ரெண்டு பேரு!"

"சரி ஆச்சி. இட்லியும் எடுத்துக்கிட்டு வாரேன். பாவம், தூரத்துலேருந்து வந்திருக்காக."

அறைக்குள் நுழைந்ததும் ஆதித்தன் நேரே குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தான். கையை நீட்டினான். பச்சைத்தண்ணீர். ஸ்குரூ டிரைவருக்காகச் சட்டைப்பையைத் தடவினான்.

"விருந்தாளி கீசரைத் தொடக்கூடாது" என்றாள் சௌபர்ணிகா. "உக்காருங்க."

கதவு சாத்தப்பட்டது.

7

முடிவுகள்.

(அ) அவள் மூன்று வாக்கியத்தையும் சொல்கிறாள். அவன், "வர்றேன்" என்கிறான். சுபம். (எனக்கே கூச்சமாக இருக்கிறது. வீட்டை யார் பார்ப்பது என்று ஒரு வார்த்தை கேட்காமலா?)

(ஆ) முதல் வாக்கியத்தின் பாதியில் வாசலில் ஒரு கூட்டம் வந்து இறங்குகிறது. அறை கேட்கிறது. அவன் எழுந்து— (வேண்டாம். இதை ஏற்கனவே பலமுறை அந்தப் பெண் அனுபவித்துவிட்டாள்.)

(இ) கட்டிலுக்கு அடியில் பிணம். (ஆசிரியருக்காக.)

மூன்றையும் அடித்துவிட்டு, சரி, நேரில் கேட்டு எழுதிவிடுவோம் என்று மூன்றாம் அறைக் கதவில் காதை வைத்தேன். எழுதுகிறவனுக்கு அந்த உரிமை உண்டு. உள்ளே சௌபர்ணிகா, "எனக்கு கோயம்புத்தூர்ல ஒரு ஓட்டல்ல" என்று தொடங்கியிருந்தாள். முதல்முறையாக அந்த வாக்கியம் 'கோயம்புத்தூர்ல'வைத் தாண்டியிருந்தது.

"யாரு அது, ரூம்புக்கிட்ட நிக்கிறது?"

திரும்பினேன். அகிலாண்டேஸ்வரி.

"நான்தான் அம்மா. உங்களை எழுதுகிறவன்."

"எழுதுறவரா இருந்தா என்ன, படம் எடுக்குறவரா இருந்தா என்ன? உள்ளே இருக்கவுக ஊருல இல்ல. அங்குட்டுத் தள்ளி வாங்க."

தள்ளி வந்தேன். முற்றம் தாண்டி, வாசல் தாண்டி, மீனலோசனி ஆச்சி வீடு வரைக்கும் என்னை நடத்திக்கொண்டு போனார். பூட்டை இழுத்துப் பார்த்தார். நன்றாகத்தான் பூட்டியிருந்தது. பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.

உள்ளே ஒரு சாவி.

"மீனலோசனி ஊருக்குப் போனா சாவியை வேற யாருகிட்ட குடுக்கும்? விடியக்காலமே எங்கிட்டத்தான் குடுத்துட்டுப் போச்சு" என்றார். "போன்ல சொல்லாதேன்னும் சொல்லி வச்சேன்."

"அப்படியானால் பையன் கேட்டபோதே—"

"குடுத்திருந்தா மூணாறுக்குப் போயிருப்பாக. அங்கேயும் அவன் கீசரைத்தான் கழட்டுவான். ஏஞ்சாமி, அந்தப் பிள்ளை வாயைத் தொறக்கும்போதெல்லாம் நாந்தானே கூப்புட்டுக்கிட்டே இருந்தேன். அது என்ன சொல்ல வருதுன்னு எனக்குத் தெரியாது. தெரியவும் வேணாம். அது நான் கூப்புடாத எடத்துல சொல்லணும். நான் வீட்டுல இருக்குற வரைக்கும் கூப்புடாம இருக்க எனக்கு வராது. அவுக ஊருல இல்லைன்னாத்தான் என் வாய் அடங்கும்."

அவருக்குத் தெரியாது என்பதை நான் முழுதாக நம்பவில்லை. என் தொழில் அப்படி.

சாவியை என் பக்கம் நீட்டினார். "இது கையில இருந்தா எனக்கு மனசு நிக்காது. நீங்க வச்சுக்கங்க."

நான் வாங்கவில்லை. பூட்டிய கதவைப் பார்த்தால் அத்தியாய முடிவுக்குள் திறந்துவிடுகிறவன் நான். இதைப் பிடிக்க வேறு கை வேண்டும்.

ஆகவே, சாவி உங்களிடம் இருக்கிறது.

கதவைத் திறந்தால் சிவப்புப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில்தான். அதை வாசற்படி ஏற்றிய நிமிடமே அவர்கள் ஊர் திரும்பிவிடுவார்கள், முற்றத்திலிருந்து "ஆதி!" என்று குரல் வரும், அவன் எழுந்துவிடுவான். திறக்காவிட்டால் அவள் மூன்றாவது வாக்கியம் வரை போவாள். அதற்கு அவன் என்ன சொல்வான் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. திங்கட்கிழமை ஒன்று இருக்கிறது, அது வந்தே தீரும்.

யாராவது வந்து சாவி கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அகிலாண்டேஸ்வரியே சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

நீங்களும் ஊரில் இல்லை.