சீராக வந்த ஃபேன்

ஃபேனின் காயில் கம்பி எரியவில்லை. எரிந்திருந்தால் வாடை வந்திருக்கும். இது கண்டென்சர்தான்.

அன்னக்கொடி அண்ணாந்து பார்த்தபடி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். சுவிட்சைப் போட்டால் ஃபேன் உர்ரென்று முனகியது, சுற்றவில்லை. ஒட்டடைக் கம்பால் இறக்கையைத் தள்ளிவிட்டால் சோம்பலாகச் சுற்றியது. அந்தக் காற்றில் நெற்றி வேர்வைகூடக் காயவில்லை. மேலூரில் அவள் தையல் படித்த இடத்தில் ஒரு ஃபேன் இப்படித்தான் முனகிக்கொண்டிருந்தது. வயர்மேன் வந்து, மேல்கிண்ணத்தை இறக்கி, உள்ளேயிருந்த கண்டென்சர் என்ற சின்ன டப்பியை மாற்றிவிட்டுப் போனார். சுற்றியது.

அவள் புருஷன் விருமாண்டியும் வயர்மேன்தான். செல்லூரில் எந்தச் சந்தில் ஃபேன் நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் இது கல்யாணத்தில் அவளுக்குச் சீராக வந்த ஃபேன். சீராக வந்தது கெட்டால் பெண்ணைப் பெற்றவர்தான் பார்க்க வேண்டும், மாப்பிள்ளை கை வைத்தால் கேவலம் என்பது அந்த வீட்டு வழக்கம். சீர்க்கட்டிலின் கால் ஒடிந்தபோது அப்பா முத்திருளன் கொட்டாம்பட்டியிலிருந்து ஆசாரியைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். வேலை முடிகிறவரை வாசலில் நின்றார். தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

இப்போது மாமியாருக்குப் புது ஃபேனே வேண்டுமாம். விற்பதற்கு அப்பாவிடம் மிச்சமிருப்பது ஒரு கறவை மாடு.

சாயங்காலம் விருமாண்டி வேலை முடிந்து வந்தான். காபியைக் கொடுத்துவிட்டு அவள் மெல்லச் சொன்னாள்.

"கண்டென்சர மாத்துனா சுத்திரும் போலங்க."

மாமியார் சோணையம்மாள் அடுப்படியிலிருந்து சிரித்தாள். "கேட்டியாடா? ஒம் பொழப்பையும் இவளே பாத்துக்கிருவா போல. நாளைக்குப் பையத் தூக்கிக்கிட்டு ஒனக்கு முன்னாடி தெருவுல போவா பாரு!"

அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் கொஞ்சம் நம்பினாள். எழுந்து ஸ்டூலை இழுத்துப் போடுவான் என்று காத்திருந்தாள்.

"கண்டென்சர்தேன்," என்றான். "ஃபேன் நின்ன அன்னைக்கே தெரியும். பையில ஒண்ணு கெடக்கு."

"அப்பறம் என்னங்க?"

"காயில் எரிஞ்சு போச்சுன்னு ஒங்கப்பன்கிட்டச் சொல்லு. அவருக்கென்ன தெரியப்போகுது? புதுசு வந்துட்டா, இதைச் சரிபண்ணி ஆத்தாவுக்கு மாட்டிருவேன்."

அன்னக்கொடி இத்தனை நாளும் அவனை எதையும் கவனிக்காதவன் என்றே எண்ணியிருந்தாள். வேலை அசதி, வீட்டு வழக்கம், ஆத்தாளின் வாய் என்று அவனுக்காக அவளே காரணங்கள் தேடி வைத்திருந்தாள். கவனிக்காதவனை என்றைக்காவது கவனிக்க வைத்துவிடலாம். இவன் எல்லாம் தெரிந்துகொண்டு, அவளை இந்தப் புழுக்கத்தில் விட்டுவிட்டு மொட்டைமாடியில் படுத்து நன்றாகத் தூங்கியிருக்கிறான். இனி எதை எதிர்பார்ப்பது என்று தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. அழுகைகூட வரவில்லை.

சோணையம்மாள் அன்னக்கொடியின் சேலை ஒன்றை மஞ்சள் பையில் மடித்து வைத்துக் கொண்டுவந்தாள். "காலையில மொத பஸ்ஸுல ஒங்கப்பன் வீட்டுக்குக் கெளம்பு. வெறுங்கையோட வந்து நிக்காத."

போனால் அப்பா மறுபேச்சுப் பேசமாட்டார். அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் மாட்டை அவிழ்ப்பார். போகாவிட்டால் இந்தச் சித்திரையும், இனி வருகிற சித்திரைகளும் இந்த அறையில் இப்படியேதான். விருமாண்டி இனி முகம் கொடுத்தும் பேசமாட்டான்.

"நான் போகலத்தே," என்றாள்.

"என்னடி சொன்ன?"

அவள் பையிலிருந்த சேலையை எடுத்து, உதறி, கொடியில் போட்டாள்.