இடது முன்கையில் ஒரு மச்சம்

சுலோசனா நீட்டிய முழுக்கைச் சட்டையில் வலது கையை மட்டும் நுழைத்துவிட்டு நின்றார் பலராமன். செத்துப்போன தம்பி ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போகிற சட்டை.

"இன்னொரு கையையும் போடுங்க மாமா. மணிக்கட்டுப் பட்டனையும் போட்டுக்குங்க. ஆபீஸ்லேருந்து ஆளுங்க வர்றாங்க, உங்க சட்டை தோள்ல கிழிஞ்சிருக்குது பாருங்க."

அந்தக் கிழிசலுக்கு இரண்டு வயசு ஆகிறது. தம்பி பெண்டாட்டி கண்ணில் இன்றைக்குத்தான் பட்டிருக்கிறது. பலராமன் இடது கையை நுழைத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டார். கையில் எதை மூடப் பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரியாதா என்ன.

சித்திரை வெயில் பந்தல் துணியைத் தாண்டி இறங்கியது. ஆண்களெல்லாம் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவர் ஒருத்தர் மட்டும் மாப்பிள்ளை மாதிரி முழுக்கையோடு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். உள்ளே ஃப்ரீசர் பெட்டியில் தம்பி கிடந்தான். மூன்று வாரம் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்து, காலையில் ஆம்புலன்சில் வந்து இறங்கினான். கிட்னி. ரிட்டயர் ஆக இன்னும் எட்டு மாசம் பாக்கி.

ஒப்பாரி வைத்த பெண்கள் "என் ராசா, என் ஆபீஸ்கார ராசா" என்றே அழுதார்கள். ஒருத்தி வாயிலும் பேர் வரவில்லை. அதற்கும் யாரோ முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

தெருமுனையில் பேனர் கட்டியிருந்தார்கள். தம்பி படம். கீழே, 'திரு. ந. பலராமன், அலுவலக உதவியாளர்.'

டீக்கடை பெஞ்சில் உப்பளத்துக் கூட்டாளி சுப்ராயன் நகர்ந்து இடம் கொடுத்தார். "ஏம்பா, செத்தவன்லாம் டீ குடிக்கலாமா?"

"சக்கரை இல்லாம குடிக்கலாம்."

"சிரிக்காத. உன் பேர்ல மாலை தொங்குது. நாளைக்கு உன் பேர்ல சர்டிபிகேட் வரும். அப்புறம் ரேஷன் கடையில போய் நில்லு, பலராமன் செத்துட்டாருன்னு கதவை மூடுவான்."

"மூடட்டும்."

"மூடட்டுமா? முப்பது வருசமா அவன் ஃபேன் காத்துல உக்காந்தான், நீ உப்புல நின்ன. இன்னிக்குப் பேரும் போவுது. மருந்துக்காவது கோபம் வருதாய்யா உனக்கு?"

கோபம் வராமலா. பேனரில் இருப்பது அவர் பேர்தான். தம்பிக்கு அப்பா வைத்த பேர் சேட்டு. பத்தாவது பாசான கையோடு பலராமன் வேலைவாய்ப்பு ஆபீசில் பதிந்தார். மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் பஸ் ஏறிப் போய், வரிசையில் நின்று, அட்டையைப் புதுப்பித்தார். பதின்மூன்றாவது வருஷம் நேர்காணல் அட்டை வந்தது. அன்றைக்கு அவர் கால் இரண்டும் உப்பில் பிளந்து சீழ் வைத்து, தரையில் ஊன்ற முடியாமல் கிடந்தார்.

"நாளைக்கே இண்டர்வியூவாம். இந்தக் காலை வெச்சிக்கினு எங்க போவ? சின்னவன் போவட்டும். உன் பேர்லதான போறான்" என்றார் அப்பா.

பத்தாவது சர்டிபிகேட்டில் அங்க அடையாளம் எழுதியிருக்கும். 'இடது முன்கையில் ஒரு மச்சம்.' எட்டாவது தேறாத சேட்டு கையை நீட்டிக் காட்டினான். அதே இடத்தில் ஒரு பச்சைப் புள்ளி.

"காலையிலதாண்ணா குத்திக்கினேன்."

சாயங்காலம் அண்ணனைக் கைத்தாங்கலாக உப்பளத்துக்கு அழைத்துப் போனான். உப்பு வாரி முடித்த பாத்தியின் ஈரக் களிமண்ணில் பலராமன் விரலால் கையெழுத்தைப் போட்டுக் காட்ட, தம்பி பக்கத்திலேயே போட்டுப் போட்டுப் பழகினான். இருட்டுவதற்குள் எது யார் எழுதியது என்று தெரியாமல் போயிற்று.

ஆனால் அந்தப் புள்ளி. காலையில் குத்தின பச்சை சாயங்காலம் வீங்கிச் சிவந்து இருக்கவேண்டாமா? பொருக்குத் தட்டி, உரிந்து, வழவழப்பாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகாதா? அது வழவழவென்று இருந்தது. அன்றைக்கு மனசில் விழுந்த சந்தேகம். அப்பாவைக் கேட்கவில்லை, தம்பியைக் கேட்கவில்லை. பாத்தியின் அடியில் தங்குகிற சேறு மாதிரி முப்பது வருஷம் அதுபாட்டுக்குத் தங்கிவிட்டது.

பந்தலுக்குத் திரும்பியபோது அருண்ராஜ் வாசலிலேயே மறித்தான். தம்பி மகன். டிப்ளமோ முடித்து நாலு வருஷம். அவனும் வேலைவாய்ப்பில் பதிந்திருக்கிறான், இப்போது எல்லாம் செல்போனிலேயே. வேலைவாய்ப்பு முகாம் என்று எங்கே பந்தல் போட்டாலும் போவான். போன இடத்திலெல்லாம் ஒரு பேனாவும் ஒரு ஃபைலும் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் ஃபைல் மட்டும் பதினொன்று இருக்கிறது.

"பெரியப்பா, உங்க ஆதார் அட்டை எங்க?"

"எதுக்கு?"

"சும்மா... எங்கிட்ட இருக்கட்டும். பத்திரமா வெச்சிருக்கேன்."

"வீட்ல இருக்குது." அட்டை இடுப்பு வேட்டி மடிப்பில்தான் இருந்தது.

அவன் நகரவில்லை. "ஆபீஸ்லேருந்து சூப்பிரண்டு வர்றாரு. நீங்க வேணா உங்க வீட்ல கொஞ்சம் படுங்களேன். காலையிலேருந்து நின்னுக்கினே இருக்கீங்க."

"கூடப் பொறந்தவன் பொணம் கெடக்குது, நான் போய்ப் படுக்கவா?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். முகத்தில் இருந்தது பயமா கள்ளத்தனமா என்று பலராமனால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அப்பன் வேலையில் இருக்கும்போதே செத்தால் கருணை அடிப்படையில் பிள்ளைக்கு வேலை உண்டு. செத்தது பலராமன் இல்லை, பலராமன் பந்தலில் நிற்கிறான் என்று தெரிந்தால் வேலையும் இல்லை, சுலோசனாவுக்குப் பென்ஷனும் இல்லை. கேஸ்தான். ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை தன் வாயில் இருக்கிறது என்பதற்காகத்தான் இத்தனை மரியாதை, இத்தனை முழுக்கைச் சட்டை. கொஞ்சம் விட்டால் ஆதாரைக் கிழித்துப் போட்டுவிட்டு, நீ யாருய்யா என்று கேட்பார்கள். பெண்டாட்டியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இவன்தான் பலராமன் என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

"மாமா, கொஞ்சம் தோட்டத்துப் பக்கம் வாங்க."

சுலோசனா கூப்பிட்டாள். குளியலறைக்குப் பின்னால், சுவரோரம். முந்தானைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கவர் ஒன்றை எடுத்தாள். ரப்பர் பேண்ட் இற்றுப்போய் அதிலேயே ஒட்டிக் கிடந்தது.

"ஆஸ்பத்திரியில சொன்னாரு. நான் போய்ட்டா இதை அண்ணன் கையில குடுத்துடு, நீ பிரிக்காதன்னாரு. நான் பிரிக்கல."

"என்னா இது?"

"தெரியாது மாமா." அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "பையன் வேணான்னுதான் சொன்னான். எரிச்சிடும்மான்னான். செத்த மனுசன் சொன்னதை எப்படி மாமா எரிக்கிறது? குடுத்துட்டேன். அதுக்கு மேல உங்க இஷ்டம்."

அவள் போய்விட்டாள். பலராமன் பிரித்தார். உள்ளே அவருடைய பத்தாவது சர்டிபிகேட். அதற்குள் காக்கி நிறத்தில் பழைய தபால் கவர் ஒன்று. நேர்காணல் அட்டை வந்த கவர். அன்றைக்கு அட்டையைத்தான் காட்டினார்கள். கவரை அவர் கண்ணில் காட்டவே இல்லை. அட்டையில் பதினெட்டாம் தேதி. கவரின் பின்பக்கம், மரக்காணம் தபாலாபீஸ் முத்திரை, வட்டமாக, இன்னும் அழியாமல். எட்டாம் தேதி.

அவரிடம் சொன்னது பதினேழாம் தேதி. நடுவில் ஒன்பது நாள். ஒன்பது நாள் உப்பில் இறங்காமல் இருந்திருந்தால் கால் ஆறியிருக்கும். ஒன்பது நாளில் பச்சையும் ஆறும்.

தம்பி இதை எரித்திருக்கலாம். முப்பது வருஷம் அடுப்பு எரிந்த வீடு. பலராமன் கவரை வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு தரம் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் மடித்துச் சட்டைக்குள், வயிற்றோரமாகச் செருகிக்கொண்டார்.

பந்தலில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. சூப்பிரண்டு பாலகுரு மலர்வளையத்தை வைத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தார்.

"நல்ல மனுசன்மா. எந்த ஃபைல் எங்க கெடக்குதுன்னு பலராமனைக் கேட்டாதான் தெரியும். நான் இருக்கும்போதே பையன் வேலை விஷயத்தை நகர்த்திடலாம்னுதான் கையோட பேப்பர் கொண்டாந்தேன். இறந்ததைத் தெரிவிச்சு குடும்பத்துலேருந்து ஒரு கடிதம். கூடப் பொறந்தவங்க இருந்தா சாட்சிக் கையெழுத்துப் போட்டா நல்லது." சுற்றிப் பார்த்தார். கண் பலராமனிடம் நின்றது. "ஐயா கூடப் பொறந்தவரா? ஜாடை அப்படியே இருக்குதே!"

அருண்ராஜ் தண்ணீர் பாட்டிலைத் திறந்தவன் அப்படியே நின்றான். கதவோரம் சுலோசனா. பந்தலின் கடைசி வரிசையில் சுப்ராயன் பீடியை வாயிலிருந்து எடுத்தார். ஊரே வாயை மூடிக்கொண்டு ஒரு முழுக்கைச் சட்டையைப் பார்த்தது.

"அண்ணனா, தம்பியா?" என்றார் பாலகுரு.

வயிற்றில் கவரின் முனை குத்தியது.

"தம்பிங்க" என்றார் பலராமன்.

"தம்பியா?" பாலகுரு அவருடைய நரைத்த தலையைப் பார்த்தார். "பார்த்தா மூத்தவர் மாதிரி..."

"உப்புல நின்ன ஒடம்புங்க."

"பேரு?"

"சேட்டு."

பலராமன் பேப்பரை முழங்காலில் வைத்து எழுதினார். 'ந. சேட்டு.' அந்தப் பேரை அவர் எழுதுவது அதுதான் முதல் தடவை. ஆனாலும் கை தயங்கவில்லை. பாலகுரு வாங்கிப் பார்த்தார். கண்ணாடியை இறக்கி இன்னொரு தரம் பார்த்தார்.

"கையெழுத்துகூட அவரோடது மாதிரியே இருக்குதே."

 பாலகுரு பலராமன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேப்பரை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். "வர்றேன்மா. வெயில் ஏறுது."

ஜீப் கிளம்பி, பேனரைத் தாண்டி, ஈசிஆர் ரோட்டில் திரும்புகிற வரைக்கும் பந்தலில் ஒருத்தரும் அசையவில்லை. பிறகு யாரோ இருமினார்கள். மேளம் தொடங்கியது.

நான்கு மணிக்குக் குளிப்பாட்ட வெளியே பெஞ்சில் கிடத்தினார்கள். அருண்ராஜ் முதல் குடத்தை ஊற்றிவிட்டு, அழுகை பொங்கி நகர்ந்து நின்றான். பலராமன் அடுத்த குடத்தை வாங்கினார். வாங்கியவர் கீழே வைத்துவிட்டு, இடது மணிக்கட்டுப் பட்டனைக் கழற்றி, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டுக்கொண்டார். அருண்ராஜ் பார்த்தான். 

தம்பியின் இடது கையைத் தூக்கித் தன் கைமேல் வைத்துக்கொண்டு சீயக்காய் போட்டார். புள்ளி பச்சை வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருந்தது. அதைக் கட்டைவிரலால் தேய்த்தார். தேய்த்தால் போய்விடுமா என்று பார்க்கிறவர் மாதிரி, மெதுவாக, சுற்றிச் சுற்றி.

"போதும் பெரியவரே" என்றார் சுப்ராயன். "நேரமாவுது."

பலராமன் இன்னொரு குடம் கேட்டார். ஊற்றிய தண்ணீர் அவருடைய கை மச்சத்தின் மேல் விழுந்து, அங்கிருந்து தம்பியின் கைக்கு இறங்கி ஓடியது.