கட்டிலில் கிடந்த கேப்டன்

கனவு வருவதற்கு முன்னால் கல்லை வாங்கியதுதான் எஸ்மி செய்த தப்பு. லெஸ்டெர் என்கிற அந்தத் தீவுக் கிராமத்தில் பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்: செத்தவர், தன் சொந்தக்காரர் யாருடைய கனவிலாவது வந்து, "எனக்குக் கல்லை நட்டு வைங்க, சோறு போடுங்க" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். அப்புறம்தான் கல்லுக்குச் சொல்ல வேண்டும். கல் வந்ததும் கட்டிலில் கிடத்தி, வெள்ளைத் துணி போர்த்தி, ஓர் இரவு தூங்க வைத்து, மறுநாள் மேளமும் விருந்துமாகக் கல்லறைக்குத் தூக்கிப் போக வேண்டும். எஸ்மிக்குத்தான் எதிலும் அவசரமாயிற்றே. பக்கத்துப் பெரிய தீவான கிரெனடாவில் கல் மலிவு என்று யாரோ சொல்ல, செத்துப்போன அப்பா கேப்டன் அகஸ்டினுக்கு ஒன்று வாங்கிப் படகில் கொண்டுவந்து, வீட்டிலிருந்த ஒரே கட்டிலில் கிடத்திவிட்டாள். கேப்டன் யார் கனவிலும் வரவில்லை. கிடத்திய கல்லைக் கல்லறைக்கு அல்லாமல் வேறெங்கும் நகர்த்தக்கூடாது. பதினோரு வருஷமாக எஸ்மிக்குப் படுக்கை சோபாவில்.

அதையும் பொறுத்துக்கொண்டாள். இப்போது, ஐம்பத்தெட்டு வயதில், படகு கட்டும் சைலஸ் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருக்கிறான். நல்ல மனுஷன், உழைப்பாளி, அவளுக்கும் அவன்மேல் கொள்ளை ஆசை. ஆனால் வெளிக்கேட்டைத் தாண்டி ஓர் அடி வைக்க மாட்டான்.

"உங்கப்பா கட்டில்ல இருக்கறவரைக்கும் நான் உள்ள வரமாட்டேன், எஸ்மி. உசிரோட இருந்தப்பவே என்னைக் கண்டா முறைப்பாரு."

"அது கல்லுய்யா!"

"கல்லுதானே? தூக்கி வெளிய போடேன் பாப்போம்."

எஸ்மி வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஈஸ்டர் வரைக்கும் பாப்பேன். அப்புறம் யூனியன் தீவுல ரெண்டு வருஷ வேலை இருக்கு, போயிடுவேன்" என்றான் சைலஸ். ஈஸ்டருக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

பொய்க் கனவு ஒன்றைச் சொல்லியும் பார்த்தாள். பெரிய மேளக்காரர் கஸ்பர் தலையாட்டினால்தான் அந்த ஊரில் கல் நடுவார்கள். அவர் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"கட்டில் வேணும்கிறது நீ. கல்லு வேணும்னா கேப்டன் கேக்கட்டும், போ."

இந்த நிலைமையில்தான் ஒரு புதன்கிழமை, உல்லாசக் கப்பல் ஒன்று தீவின் துறைமுகமான ஹில்ஸ்பரோவுக்கு எதிரே நங்கூரம் போட்டது. பதினொரு மணிக்கு மினிபஸ் டிரைவர் வந்து எஸ்மி வாசலில் ஹாரனை அலற விட்டான்.

"எஸ்மிக்கா! கப்பல்லேர்ந்து ஒரு அம்மா வந்திருக்கு. கையில இத்தா பெரிய ஃபைலு. உங்கப்பா பேரைச் சொல்லிக்கிட்டு கல்லறை கல்லறையா குனிஞ்சு பாக்குது. காணோம்னு என்னைப் போட்டுத் திட்டுது!"

எஸ்மி போட்டிருந்த ஏப்ரனோடு ஓடினாள்.

அந்த அம்மாள் பெயர் மொரீன். எஸ்மி பிறப்பதற்கு முன்பே இங்கிலாந்துக்குக் கப்பலேறி, ஹடர்ஸ்ஃபீல்டில் குடியேறி, கடிதம் போடுவதையும் நிறுத்திவிட்ட மூத்த அண்ணன் எக்பர்ட்டின் மகள். முறைக்கு எஸ்மி அத்தை. வயதில் மருமகள்தான் இரண்டு வருஷம் மூத்தவள். எதைப் பார்த்தாலும் குற்றம் கண்டுபிடிக்கிற அந்தக் கண் அப்படியே கேப்டனுடையது.

"அப்பா போன வருஷம் இறந்துட்டார். உன் தாத்தா கல்லறையைப் பாத்துட்டு வான்னு கடைசியா அதைத்தான் சொன்னார். இங்க எல்லாருக்கும் கல் இருக்கு, எங்க தாத்தாவுக்கு மட்டும் இல்லை. என்ன பொறுப்பில்லாத்தனம் இது?"

"கல்லு இருக்கு கண்ணு. வீட்ல படுத்திருக்கு" என்றாள் எஸ்மி.

வீட்டில் மொரீன் போர்வையை விலக்கிப் பெயரைப் படித்தாள். தொப்பியைக் கழற்றினாள். எஸ்மி கல், கனவு, கஸ்பர், சைலஸ், சோபா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்துவிட்டு, "உன் கனவுலயாவது வந்தாரா?" என்று கேட்டாள்.

"எனக்குக் கனவே வராது. மாத்திரை போட்டுத் தூங்கறவ நான்."

"அப்ப வந்தாருன்னு சொல்லிடேன். உனக்குக் கட்டிலும் வேண்டாம், மாப்பிள்ளையும் வேண்டாம். நீ சொன்னா கஸ்பர் நம்பிடுவாரு."

மொரீன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இருபத்திரண்டு வருஷம் மாஜிஸ்ட்ரேட்டா இருந்தவ நான். பொய் சொன்னவங்களுக்கு அபராதம் போட்டிருக்கேன்."

"எனக்கும் போட்டுக்க. முதல்ல சொல்லு."

"முடியாது."

கேப்டன் ரத்தம், வேறெப்படி இருக்கும்? எஸ்மி பெருமூச்சு விட்டுச் சோற்று வேலையைப் பார்த்தாள். சோளக்களி, துவரைக் குழம்பு, உப்புப் போட்டு வாட்டிய பன்றிக்கறி. வெயிலுக்கு நல்லது என்று ஒரு கிளாஸ் ஜாக் அயர்ன் ரம்மும் வைத்தாள். ஐஸ்கட்டியைப் போட்டால் மிதக்காமல் அடியில் போய் உட்காருகிற சரக்கு அது. மருமகள் தண்ணீர் என்று நினைத்து ஒரே மடக்கில் குடித்தாள். எஸ்மி திட்டம் போட்டுத்தான் வைத்தாள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். சத்தியமாக இல்லை. இருந்தால் ஏதோ கொஞ்சம் இருக்கலாம்.

"பத்தே நிமிஷம் கண்ணை மூடிக்கறேன்" என்ற மொரீன், நேரே போய்த் தாத்தாவுக்குப் பக்கத்தில் படுத்து, அவர் போர்வையில் பாதியை இழுத்து மூடிக்கொண்டாள்.

எஸ்மி வாயைப் பிளந்து நின்றாள். அடுத்த நிமிஷம் கஸ்பர் வீட்டுக்கு ஓடினாள்.

"என் அண்ணன் மக கேப்டன் பக்கத்துல தூங்கறா!"

அரை மணி நேரத்தில் ஊரே முற்றத்தில் கூடிவிட்டது. ரேடியோவை அணைத்தார்கள். சேவலைக் கூடையால் கவிழ்த்தார்கள். கஸ்பர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலை ஒட்டி நின்றார். சைலஸ் வழக்கம்போலக் கேட்டுக்கு வெளியே.

"கண்ணு இமை ஆடுதா?"

"வாய்தான் ஆடுது. குறட்டை."

"குறட்டை விட்டா கனவு வராதே."

"யார் சொன்னா? என் மாமியாருக்கு வரும். எழுந்து என்னைத்தான் திட்டும்."

மூன்றே காலுக்குக் கப்பல் சங்கு ஊதியது. கடைசிப் படகு நாலு மணிக்கு. எஸ்மி கடிகாரத்தைப் பார்த்தாள். எழுப்பினால் கனவு போச்சு. எழுப்பாவிட்டால் அந்தப் புண்ணியவதியின் கப்பல் போச்சு. மூன்றரை வரை கையைப் பிசைந்துகொண்டிருந்தவள், கடைசியில் மனசாட்சி கேட்காமல் உள்ளே போய் மருமகளின் காலைப் பிடித்து உலுக்கினாள்.

மொரீன் எழுந்து உட்கார்ந்தாள். ஜன்னல் நிறையத் தலைகள்.

"கனவு வந்துச்சாம்மா?" என்றார் கஸ்பர்.

மொரீன் எஸ்மியைப் பார்த்தாள். கேட்டுக்கு வெளியே தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்றவனையும் பார்த்தாள். பாவாடையை நீவிவிட்டுக்கொண்டு, கோர்ட்டில் தீர்ப்புச் சொல்கிற குரலில் சொன்னாள்.

"வந்தது. தாடி வெச்ச பெரியவர் ஒருத்தர். நகந்து படு, இடம் பத்தலைன்னார். முதுகு வலி தாங்கலை, என்னைத் தூக்கிட்டுப் போய் நடச் சொல்லுன்னார்."

கூட்டம் ஓவென்று கத்தியது. கஸ்பர் கையைத் தூக்கி அடக்கினார். "தாடியா? கேப்டன் ஒருநாள் தவறாம முகம் மழிக்கிறவராச்சே!"



"பதினோரு வருஷம் படுத்தே கிடந்தா யாருக்கும்தான் வளரும்" என்றாள் மொரீன், கண் இமைக்காமல்.

கஸ்பர் யோசித்தார். தலையாட்டினார்.

மினிபஸ் பறந்தது. படகுத்துறையில் மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு எஸ்மி கேட்டாள். "நெசமாவே தாடியோடயா வந்தாரு?"

மொரீன் படகைப் பார்த்தாள். "கோர்ட்டுல செருப்பில்லாம நிக்கற மாதிரி கனவு. வேற யாரும் வரலை, அத்தை." முதல் தடவையாக அத்தை என்றாள். "நான் சொன்ன முதல் பொய். வீணாக்கிடாதீங்க."

படகு போய்விட்டது. வீட்டுக்குத் திரும்பியபோது பெண்கள் விருந்துக்குப் பாத்திரம் எண்ணிக்கொண்டிருந்தார்கள், சைலஸ் கேட்டருகே பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். எஸ்மிக்குச் சிரிப்பு வரவில்லை. கதவைச் சாத்தக்கூடத் தோன்றாமல் கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அப்பா, அவ சொன்னது பொய். அது உனக்கும் தெரியும். கடைசி ரெண்டு வருஷம் நான்தான் உன்னைக் குளிப்பாட்டினேன், ஊட்டிவிட்டேன். ஒரே ஒரு தடவை என் கனவுல வந்திருக்கக் கூடாதா? நீ கேப்ப, நீ கேப்பன்னே உக்காந்திருந்துட்டேன். சரி, நீ கேக்க வேண்டாம். நான் கேக்கறேன். எனக்குச் சைலஸ் வேணும்ப்பா. எனக்கு இந்தக் கட்டில் வேணும். நீ எழுந்து போ."

சொல்லிவிட்டு அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் வாசற்படியில் கஸ்பர். ஆடு இரண்டா மூன்றா என்று கேட்க வந்தவர், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அசையாமல் நின்றிருந்தார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் எஸ்மி.

கஸ்பர் உள்ளே வந்தார். கல்லின்மேல் குனிந்து, காதை வைத்து, வெகுநேரம் அப்படியே இருந்தார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"முடியாதுன்னு அவர் சொல்லலையே, பொண்ணே."